விடியுமுன் திறக்கும் கதவு

அந்தப் பேருந்துப் பணிமனையில் பெண் ஓட்டுநர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அவர்களில் வயதிலும் உயரத்திலும் சிறியவள் அவள்தான். இருக்கையை முடிந்த மட்டும் மேலே ஏற்றி, முன்னால் இழுத்துக்கொண்டுதான் உட்காருவாள். "ஸ்டியரிங் தானா வண்டி ஓட்டிட்டு வருது பாரு" என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நகரம் கண் விழிக்கும் முன் புறப்படும் முதல் வண்டி அவளுடையது. மருத்துவமனையில் தரை துடைக்கப் போகிறவர்கள், சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் என்று ஒரு கூட்டம் அந்த வண்டியை நம்பியே இருந்தது. தான் தாமதித்தால் ஊரே தாமதமாகும் என்பது அவளுடைய சின்னப் பெருமை.

கணவன் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவன். பேருந்து வேலை கிடைப்பதற்கு முன் அதே தொழிற்சாலையின் வேனைத்தான் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் தட்டுகளை ஏற்றுவான், அவள் கடை கடையாகக் கொண்டுபோய் இறக்குவாள். "சூடு ஆறுறதுக்குள்ள கிளம்புங்க, கிளம்புங்கன்னு விரட்டுவாரு. ஒருநாள் மட்டும் கொஞ்சம் நின்னு பேசிட்டுப் போங்களேன்னாரு. அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன்" என்று கல்யாணக் கதையைச் சொல்வாள்.

மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. ஆள் சிறுசு, காரம் ஜாஸ்தி. அதனால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். மிளகை அதுவரை பார்த்துக்கொண்டது அவளுடைய நாத்தனார். அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருந்தாள். விடியுமுன் தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு மாடியேறி, நாத்தனாரின் கட்டிலில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். இரண்டரை வருஷம் அப்படியே ஓடியது.

ஒரு சாயங்காலம் நாத்தனார் கண்கள் சிவந்து கீழே வந்தாள்.

"அண்ணி, அவருக்கு பிரமோஷனோட மாத்தல் வந்திருச்சு. மாசக் கடைசில கிளம்பணும். மிளகை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

"அட, பிரமோஷன்ல போறீங்க, அழுவாங்களா? நாங்க பாத்துக்குறோம்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நாத்தனார் படியேறிப் போனதும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

பணிமனை அதிகாரியிடம் பகல் வண்டி கேட்டுப் பார்த்தாள். அனுபவம் கூடியவர்களுக்குத்தான் பகல் வண்டி, அவளுடைய முறை வர இன்னும் சில வருஷமாகும் என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். கணவனுக்கு அந்த வழியும் இல்லை. ஊர் எழுந்திருக்கும்போது ரொட்டி கடையில் இருந்தாக வேண்டும். ஆக, இருவரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்காமல், இடம் தேடக் கிளம்பினார்கள்.

முதலில் போன பாலர் பள்ளி கண்ணாடிச் சுவர்களும் மீன் தொட்டியுமாகப் பளபளவென்று இருந்தது. மிளகு மீன்களை விட்டு நகர மறுத்தாள். ஆனால் கதவு திறப்பது எட்டு மணிக்கு. அந்நேரத்துக்குள் அம்மா வண்டியோடு ஊரைப் பலமுறை சுற்றி வந்திருப்பாள்.

அடுத்தது ஒரு கடைவரிசையின் பின்பக்கம். இருட்டிலேயே திறப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனார்கள். உள்ளே குழந்தைகள் வரிசையாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தன. கதவு திறந்த சத்தத்துக்கு ஒரு குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுக்கில்லை, நாற்றமில்லை, குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வெளியே வந்ததும் கணவன், "பரவாயில்லைதானே?" என்று இழுத்தான்.

"அவ்வளவு பிள்ளைங்க இருக்குற இடத்துல ஒரு சத்தம் இல்லைங்க. என் பஸ்ஸுல இவ்வளவு அமைதின்னா நான் ஓரங்கட்டிட்டு எழுந்து பாப்பேன்" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மூன்றாவதாகப் போனது ஒரு பெரிய பாலர் பள்ளி. மணல் முற்றம், குட்டிக் கழுவுதொட்டிகள், ஜன்னலோரம் காயவைத்த ஓவியங்கள். தலைமையாசிரியை மடிப்பு கலையாத புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விடியற்காலையில் பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தியிடம் விட்டு, அவள் எட்டு மணிக்கு இங்கே கொண்டுவந்து விட்டு, மதியம் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவதாக இருவரும் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். சேர்த்துக்கொண்டால் போதும் என்று கைகட்டி நின்றார்கள்.

"இடம் இருக்கு. ஆனா நான் சேத்துக்க மாட்டேன்" என்றார் தலைமையாசிரியை.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஏன் மேடம்? பிள்ளைகிட்ட ஏதாவது..."

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா. அத்தையை விட்டுட்டு இப்பத்தான் வரப்போறா. ஒரே காலைல அவளை எத்தனை கை மாத்துவீங்க? இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், நானே கூப்பிட்டுச் சேத்துக்கறேன். இப்ப அவளுக்கு வேண்டியது ஒரே வீடு, ஒரே ஆள்." பிறகு, "எனக்கு ஒருத்தரைத் தெரியும். என் தங்கச்சி பிள்ளைங்க ரெண்டும் அங்கதான் வளந்துச்சு. சம்சாரம் ஆஸ்பத்திரில நர்ஸ், அதனால அந்த வீட்ல இருட்டோடயே விளக்கு எரியும். அவர் முன்னாடி லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவர்" என்றார்.

"பிள்ளைங்களைப் பாத்துக்கறது அவரா?" என்றான் கணவன்.

"அவர்தான்."

இருவரும் வீடு திரும்பினார்கள். படியேறும்போது கணவன், "ஆம்பளைகிட்டயா விடுறது?" என்றான். அவளுக்கும் அதே எண்ணம்தான். ஆனால் தலைமையாசிரியை தன் பள்ளிக்கு வந்த பிள்ளையைத் தள்ளிவிட்டு வேறு இடம் காட்டியது அவள் மனதில் நின்றுவிட்டது. "போய்ப் பாப்போம். பாக்கறதுக்கு என்ன? மனசு ஒப்பலைன்னா திரும்பி வந்துருவோம்" என்றாள்.

சொல்லாமல் கொள்ளாமல்தான் போனார்கள். வாசல் கதவு திறந்திருந்தது. உள்கதவில் மட்டும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். கூடத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து, மடியில் இருந்த பையனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு இருந்த பெண் இன்னொரு பக்கம் ஒருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க. இன்னும் நாலு விரல் பாக்கி. நடுவுல விட்டா இவன் ஓடிருவான்" என்றார்.

அந்த நாலு விரல் முடியும்வரை அவள் வீட்டைக் கண்ணால் அளந்தாள். சமையலறை வாசலில் தடுப்பு. படிக்கட்டில் தடுப்பு. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இரண்டு வாசலும் குழந்தைகள் அத்தனை பேரும் தெரிந்தார்கள். பின்னால் ஒருத்தி அலமாரியில் கால் வைத்ததும், திரும்பாமலே "கீழ" என்றார். கண்ணாடி இல்லாமலே பின்னால் பார்க்கிற ஆள் என்று அந்த ஓட்டுநருக்குப் பட்டது.

நகவெட்டியை உயரே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், கணவன் கேட்கத் தயங்குவதைப் பார்த்துத் தானே ஆரம்பித்தார். "ஆம்பளையாச்சேன்னு யோசனை இருக்கும். இருக்கணும். தப்பாவே நினைக்க மாட்டேன். இந்த அக்கா இல்லாம ஒருநாளும் நான் தனியா பிள்ளைங்களை வச்சுக்கறதில்ல. லைசென்ஸ் குடுத்த ஆபீஸ்லேர்ந்து சொல்லாமத்தான் வந்து பாப்பாங்க. நீங்களும் அப்படியே வாங்க, இன்னைக்கு வந்த மாதிரி."

"இந்த வேலைக்கு எப்படிங்க வந்தீங்க?" என்று கேட்டாள் அவள்.

"எங்களுக்கு ரெட்டைப் பிள்ளைங்க. சம்சாரத்துக்கு ஷிஃப்ட். யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்னு ஆச்சு. லிஃப்டை யாரு வேணா பாக்கலாம், இதுங்களை யாரு பாப்பா? நான் உக்காந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரில கூட வேலை பாக்கறவங்க, ஒருமணி நேரம் வச்சுக்கங்கண்ணா, ரெண்டுமணி நேரம் வச்சுக்கங்கண்ணான்னு கொண்டாந்து விட்டாங்க. பயிற்சிக்குப் போனேன், லைசென்ஸ் வாங்கினேன். எங்க பிள்ளைங்க காலேஜுக்கே போயிட்டாங்க, நான் இன்னும் எழுந்திரிக்கல."

பேச்சின் நடுவில் ஒரு சின்னப் பயல் வந்து இரண்டு கையையும் தூக்கி நின்றான். "எத்தனாவது மாடி சார்?" என்று கேட்டார் அவர். "பத்து!" அவர் வாயாலேயே மணியடித்து, மெல்ல மெல்லத் தலைக்கு மேல் தூக்கி இறக்கினார். பிள்ளைகள் அவரை ஏன் லிஃப்ட் மாமா என்று கூப்பிடுகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்தடுத்து வரிசை நின்றது. அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மிளகு, யாரும் கேட்காமலே, "எனக்கு மாடி வேணாம்!" என்று கத்தினாள்.

"சரிங்க. தரைத்தளத்துலயே இருங்க" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல். அவளைக் கிட்டே கூப்பிடவும் இல்லை, கன்னத்தைக் கிள்ளவும் இல்லை. வெளியே வந்ததும் கணவன் சொன்னான்: "அந்த ஆளு நம்மளைவிடப் பிள்ளைங்களுக்குத்தான் அதிகமா பதில் சொன்னாரு. எனக்குச் சரின்னு படுது."

முதல் வாரம் எளிதாக இல்லை. இருட்டில் அந்த வாசலில் மிளகு கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிடுவாள். பிய்த்துக் கொடுத்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் காதிலேயே இருக்கும். ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கண்ணாடியைச் சரிசெய்தபோது, முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த துப்புரவுத் தொழிலாளி, "லிஃப்ட் மாமாகிட்டயா விட்டிருக்க? என் பையனும் அங்கதான் இருந்தான். நீ வண்டியை எடு தாயி, அதுங்க நாம திரும்பினதும் அழுகையை நிறுத்திரும்" என்றாள். அது பொய்யில்லை. அவள் தெருமுனை திரும்பிய சிறிது நேரத்துக்கெல்லாம் லிஃப்ட் மாமா செய்தி அனுப்பிவிடுவார்: 'தரைத்தளத்தில் அமைதி.' அதை அவள் வண்டி நிற்கும் கடைசி நிறுத்தத்தில்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

பிறகு ஒரு மதியம் கூட்டிவரப் போன கணவன் திண்டாடிப் போனான். பிள்ளை வர மறுத்தாள். "நான் இன்னும் ஏழாவது மாடிக்கே போகல!" என்று மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவனும் மனைவியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் லேசாக வலித்தது. அந்த வலியும் நல்லதுக்குத்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் லிஃப்ட் மாமாவுக்குக் குடலிறக்கம். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதன் பிறகு சில வாரங்களுக்குக் கனம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "லிஃப்ட் ரிப்பேர்" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். பெற்றோர்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாமல் அந்த வீட்டைத் திறக்க அனுமதியில்லை. உதவிக்கு இருந்த பெண்ணுக்குப் பயிற்சி இன்னும் முடியவில்லை. அத்தனை பேரும் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள்.

அவள் வேறு வழி தெரியாமல் அந்தத் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். யாராவது ஆள் தெரியுமா என்று கேட்பதற்குத்தான்.

"எங்க ஸ்கூல் திறக்கறது எட்டு மணிக்கு. அதுவரைக்கும் நான் சும்மாதான இருக்கேன்" என்றார் தலைமையாசிரியை. "காலைல நான் வரேன். அதுக்கப்புறம் எங்க டீச்சர்ல ஒருத்தரை அனுப்பறேன். ஆபீஸ்ல நானே பேசிக்கறேன்."

மறுநாள் இருட்டில் கதவைத் திறந்தவர் அவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புடவையை இடுப்பில் செருகியிருந்தார். கைநீட்டி மிளகை வாங்கிக்கொண்டு, "நீ போம்மா, வண்டி காத்துட்டிருக்கும்" என்றார். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். உள்ளே எவனோ எதையோ கொட்டிய சத்தம் கேட்டு அவர் திரும்பி ஓடிவிட்டார்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. சந்தைக்காரர் ஒருவர் தினமும் பழம் கொண்டுவந்து வைத்தார். துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் முறைபோட்டு வந்து வீட்டைக் கழுவிவிட்டுப் போனார்கள். கணவன் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே வந்து, கண் சொருகச் சொருகப் பிள்ளைகளோடு விளையாடினான். மாவு ஒட்டிய தலையோடு வந்ததால் அவன் மாவு மாமா ஆனான். மருத்துவமனையிலிருந்து திரும்பிய லிஃப்ட் மாமா நாற்காலியில் சாய்ந்தபடி, "லிஃப்டே நின்னாலும் எங்க ஆளுங்க எல்லாம் வேலைநிறுத்தமே பண்ணமாட்டாங்க போல" என்றார். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி எழுந்துபோய் அவர் தோளில் கைவைத்து நின்றாள்.

அவர் தேறி வந்தார். தூக்குவதை மட்டும் விட்டுவிட்டார். அதற்குப் பதில் பிள்ளைகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, மாடி எண்ணைச் சொல்லி, அங்கே என்ன இருக்கிறது என்று கதை கேட்டார்கள். தலைமையாசிரியை சொன்ன சொல் தவறாமல் தானே கூப்பிட்டு மிளகைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். விடியலில் அந்த வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்கு மற்றப் பிள்ளைகளும் லிஃப்ட் மாமாவும் கூட வர, உதவிக்கு இருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பள்ளிக்கு நடந்தாள். ஒருநாளும் அழவில்லை.

மிளகுக்குத் தம்பி பிறந்து, பேறுகால விடுப்பு முடியும் நேரம் வந்தபோது கணவனும் மனைவியும் இடம் தேடி அலையவில்லை. முறைப்படி ஒருதரம் கேட்டுவிடலாம் என்று அவள் கைக்குழந்தையோடு லிஃப்ட் மாமாவைப் பார்க்கப் போனாள். ஜன்னலோரம் துடைத்துத் துணி விரித்த தொட்டில் ஒன்று தயாராகக் கிடந்தது.

"யாருக்குண்ணா இது?" என்று கேட்டாள்.

"கேள்வியைப் பாரு!" என்றார் அவர். "வெயில் அந்தப் பக்கம் வராதில்ல? நீயே ஒருதரம் பாத்துச் சொல்லு."

அவள் தொட்டில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளையை அதில் கிடத்தினாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.