கரும்புத் தொட்டிலுக்கு ஒரு தோள்

ஜிம் கவுண்டரில் உட்கார்ந்து லாக்கர் சாவி கொடுப்பவளுக்கும் புஜம் இருந்தாக வேண்டும் என்று உள்ளே வருகிற எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். விற்கிற சரக்கைத் தாங்களே தொட்டுப் பார்க்காமல் கவுண்டரில் காலம் தள்ளும் சக ஜீவன்களே, என் கதை உங்களுக்குப் புரியும். கான்வென்ட்டில் நெட்பால் நடக்கும்போது நான் ஸ்கோர் எழுதுவேன்; பந்து என் பக்கம் வந்தால் நாற்காலியோடு நகர்ந்துகொள்வேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் சிங்கப்பூருக்கு இக்கரையில், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு ஜிம்மில் வேலை கிடைத்தது.

கூடவே ஒரு பயமும். என் மகன் குறைமாதத்தில், ஒரு ரொட்டி கனத்துக்குத்தான் பிறந்தான். பிள்ளை தேறினால் தைப்பூசத்தில் கரும்புத் தொட்டில் எடுப்பதாக மாமியார் வேண்டிக்கொண்டார். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் சேலையில் தூளி, அதற்குள் பிள்ளை. முன்னால் அப்பாவின் தோள், பின்னால் அம்மாவின் தோள். வேண்டியது அவர், சுமக்க வேண்டியது நான்! பிள்ளையோ தேறியதோடு நிற்காமல் வாராவாரம் கனத்துக்கொண்டே போனான். குளிப்பாட்டித் தூக்கினாலே என் கை கடுக்கும். கோயிலைச் சுற்றும்போது கீழே போட்டுவிட்டால்? இந்த நினைப்பிலேயே ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. இப்போது எழுதவாவது செய்கிறேன்.

ஹெல்மெட்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, முதல் நாளே எல்லா மெஷினையும் நலம் விசாரித்துவிடுவது. தினேஷும் அப்படித்தான். அவருக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்துக்குள் சட்டைக் கை இறுக வேண்டுமாம். "இன்னிக்கு இது போதும் தம்பி. தசைக்கு வேல குடுத்தா லீவும் குடுக்கணும், அது வளர்றதே லீவுலதான்" என்று எங்கள் ட்ரெய்னர் மேகலா அக்கா சொல்லச் சொல்ல, அவர் அடுத்த மெஷினில் ஏறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் கவுண்டர் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையும் துவைத்துப் போட்ட துணி மாதிரி தொங்குகிறது. தலையில் ஹெல்மெட். கழற்றுங்கள் என்றேன். கை தோளுக்கு மேலே எழும்பினால்தானே! குனிந்து தலையை என்னிடம் நீட்டினார்: "நேத்து இங்க ஒருத்தர் மாட்டி விட்டாரு அக்கா. நான் தங்கற ரூம்ல கழட்டத்தான் ஆள் இல்ல. இதோடதான் படுத்தேன்."

விரதமும் சதையும்

தைப்பூசம் நெருங்கினால் காவடி எடுப்பவர்கள் எங்களிடம் தோள் தேடி வருவார்கள். குணா அண்ணன் விரதத்தோடு வந்தார். கோழி கிடையாது, மீன் கிடையாது, முட்டையும் கிடையாது. அவர் சாப்பிடுவதெல்லாம் சோறும் ரசமும். "செங்கல் இல்லாம சுவர் எழுப்ப முடியுமாண்ணே? பருப்பு, பால், தௌஃபு, தெம்பே, எல்லாத்தையும் சேருங்க" என்றார் மேகலா அக்கா. அண்ணன் மற்றதையெல்லாம் மறந்துவிட்டு, சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பேயை மட்டும் பிடித்துக்கொண்டார். காலையில் வறுவல், மத்தியானம் சம்பல், ராத்திரி சாம்பாரில்.

தோள் நன்றாகத்தான் ஏறியது. ஆனால் அவர் மனைவி ஒருநாள் நேராகக் கவுண்டருக்கே வந்துவிட்டார்: "மார்க்கெட்டுல தெம்பே விக்கிறவரு என்னைப் பார்த்து, இவ்வளவு வாங்கறீங்களே, நீங்க எங்க கடை தொறந்திருக்கீங்கன்னு கேக்கறாரு லா!"

மீசை

தங்காக் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஆண்டி ஒருவர், இங்கே மகள் வீட்டுக்கு வந்தபோது மகளோடு ஜிம்முக்கும் வந்தார். மகள் டம்பெல்லைத் தொடப் போனாள். தாயார் தடுத்தார். பொம்பளை பளு தூக்கினால் ஆம்பளை உடம்பு வரும், மீசை வரும் என்று யாரோ சொன்னார்களாம்.

மேகலா அக்கா வாதாடவில்லை. "ஒரு நிமிஷம் பிடிங்க ஆண்டி" என்று டம்பெல்லை அவர் கையில் கொடுத்தார். ஆண்டி அதை வெண்டைக்காய் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இதுவா? எங்க துணிக்கட்டுல பாதிகூட இல்ல. கல்யாணமான நாள்லேர்ந்து தூக்கறேன்" என்றவர், சட்டென்று நிறுத்தி மேலுதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு மகளிடம் சொன்னார்: "எனக்கு மீசை வரல. உங்கப்பாவுக்கே இன்னும் சரியா வரல. நீ தூக்கு."

அரிசி மூட்டைக்கு அரோகரா

இவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், ஒருநாள் மேகலா அக்காவிடம் அழாத குறையாகத் தொட்டில் விஷயத்தைச் சொன்னேன். "கொஞ்சத்துல ஆரம்பி. பழகினதும் கூட்டு. இதுல வேற மந்திரம் இல்ல" என்று ஒரு மூங்கில் கழி கொண்டுவந்தார். அதில் என் பழைய சேலை. முதலில் சீனிப் பாக்கெட். பிறகு மாவு. பிறகு சின்ன அரிசி மூட்டை. சிங்கப்பூர் வேலைக்கு லீவு விடும் ஞாயிறுகளில் என் வீட்டுக்காரர் முன்னால், நான் பின்னால். கான்வென்ட்டில் சிஸ்டர் தலையில் புத்தகம் வைத்து நடக்கவிட்ட நிமிர்வு இப்போதுதான் உதவியது. ஜிம்முக்கு வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கி, அரிசி மூட்டைக்கு அரோகரா போட்டார்கள்!

பிள்ளையைவிடக் கனமான மூட்டையை ஏற்றிய அன்று, ட்ரெட்மில் பக்கம் திரும்பும்போது தடாலென்று சத்தம். தரையெல்லாம் அரிசி. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு "போட்டுட்டேன், போட்டுட்டேன்" என்று அலறினேன். மேகலா அக்கா என்னை உலுக்கினார். கண்ணைத் திறந்தால், கழி என் தோளில் அசையாமல் இருக்கிறது. முன்னால் என் வீட்டுக்காரர், தான் கட்டிய முடிச்சு அவிழ்ந்து தொங்கும் சேலையைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார். அக்கா சொன்னார்: "உன் தோள் நிக்குது பாரு. இனிமே பயந்தா, உன் புருஷன் போடற முடிச்சுக்குப் பயப்படு!"

தைப்பூசம்

அன்று முடிச்சு மாமியார் போட்டது. மேகலா அக்கா வந்து தொங்காத குறையாக அதை இழுத்துப் பார்த்தார். அப்புறமும் முதல் சில அடிகள் நான் முடிச்சையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பிறகு உறுமிச் சத்தத்தில் தோள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. கரும்பு அசைந்தது, நான் அசையவில்லை. பாதி வழியில் முன்னால் நடை தளர்ந்தது. "ஏம்மா, கொஞ்சம் எறக்கி வெச்சுட்டுப் போலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்: "முடியலன்னா நகர்றா, நான் பிடிக்கறேன். என் மருமக நிக்க மாட்டா!"

கொஞ்சத்தில் தொடங்கு, மெல்லக் கூட்டு, நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு என்று சதை வளர்க்க ஜிம்மில் சொல்வதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன், தூக்கத்தை மட்டும் எனக்கும் சேர்த்துத் தூளிக்குள் இருந்தவன் தூங்கிவிட்டான்.