ஏழாம் மனையின் குழி

கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அவர் இப்படிப் பதிவாகியிருக்கிறார்: “ஆட்சேபணையாளர்: திருமதி மருதாயி, வயது 57. வன உயிரின ஆர்வலர். திட்டத்தில் சொந்த நலன் ஏதும் இல்லாதவர்.”

இதில் பெயரும் வயதும் சரி.

மற்றபடி, மருதாயி எதையும் ஆட்சேபிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். வன உயிரினங்களில் பாம்போடுதான் அவருக்கு நெருங்கிய பழக்கம். காபிச் செடிக்கு அடியில் எதிர்ப்பட்டால் மம்முட்டியால் ஒரே போடு. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு கும்பிடு. கொல்வதும் வணங்குவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொந்த நலன் என்று வந்தால், அந்தத் திட்டம் நிறைவேற வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் சேர்வராயன் மலையில் இருந்திருக்க முடியாது. கட்டுகிற கம்பெனியையும் சேர்த்துத்தான் சொல்வது.

மருதாயியின் தாத்தா ராசிபுரத்துப் பக்கமிருந்து காபி பறிக்க மலையேறியவர். மருதாயி பிறந்தது வாழவந்தியைத் தாண்டி ஓர் எஸ்டேட் லயனில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், அதுதான் லயன். கல்யாணமாகிப் போனது அதே லயனில் நாலு கதவு தள்ளி. புருஷன் காலமான பிறகும் அங்கேதான். இப்படி ஆயுள் முழுக்க ஒரே இடத்தில் இருந்தவருக்கு இருக்க இடம் கிடையாது. லயன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அவருக்கு ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எஸ்டேட் கைமாறியது. வாங்கிய கம்பெனி மேட்டில் வில்லாக்கள் கட்டத் திட்டமிட்டது. ‘காபித் தோட்டத்துக்குள் ஒரு கனவு இல்லம்’ என்று மலைச்சாலை வளைவுகளிலெல்லாம் பலகை. லயன் குடும்பங்களுக்கு, கீழே பள்ளத்தில் ஆளுக்கொரு சிறிய வீடு, சொந்தப் பட்டாவோடு. மேட்டிலிருந்து பார்த்தால் சேலம் தெரியும். பள்ளத்திலிருந்து பார்த்தால் மேடு தெரியும். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் கம்பெனி தாராளமாக இருந்தது. ஆனாலும் அது எழுத்தில் கொடுத்த வாக்கு. ஏழாம் மனை மருதாயிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனையில் போய் நிற்பார். அடுப்பு எந்த மூலை, ஜன்னல் எந்தப் பக்கம், துணி காயப்போடும் கயிறு எதிலிருந்து எதுவரை என்பதெல்லாம் முடிவாகியிருந்தது. வீடு ஒன்றுதான் பாக்கி.

அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். சட்டப் பாதுகாப்பு பெற்ற ஒரு பாம்பு அந்தச் சரிவுகளின் மண்ணுக்குள் வாழக்கூடும் என்பதால், திட்டப் பகுதியில் அது இல்லை என்று காட்டினால்தான் அனுமதி. இல்லாததைக் காட்டுவதற்கான வழி, குழி தோண்டிப் பார்ப்பது. அதற்காகக் கம்பெனி செலவில் ஜெப்சன் என்ற இளைஞர் வந்தார். பாம்பும் ஓணானும் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். நகரத்து அலுவலகம் வரைபடத்தின் மேல் போட்டுக் கொடுத்த கட்டங்களின்படி, சிவப்பு நாடா கட்டிய குச்சிகளைச் சம தூரத்தில் நட்டார். பாதிக் குச்சி பாறை இடுக்கில், மீதி வெட்டவெளிப் புல்லில். “குச்சிக்கு ஒரு குழி, ஒன்றரை அடி” என்று மருதாயியிடமும் பக்கத்து வீட்டு மூக்கனிடமும் சொல்லிவிட்டு ஜீப்பில் இறங்கிப் போய்விட்டார். எதற்குக் குழி என்று சொல்லவில்லை. எஸ்டேட்டில் பிறந்தவர்களிடம் ஒன்றரை அடிக் குழி எதற்கென்று சொல்ல வேண்டியதும் இல்லை. காபி நாற்று நடத்தான். வில்லா வாங்க வருகிறவர்களுக்குத் தோட்டம் காட்ட வேண்டாமா?

மூக்கன், மருதாயியின் கணவருக்குத் தம்பி முறை. வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்கண்ணி, பாறை மேல குச்சி நட்டிருக்கறான் பாருங்க. காப்பி வெக்கறானா, கல்லுக்குக் காது குத்தறானா?”

“படிச்ச புள்ள. நெழல் பாக்கோணும்னு அவுங்க பொஸ்தகத்துல போட்டிருக்க மாட்டாங்க.”

“நமக்கென்னங்க, சொன்ன எடத்துல நோண்டிட்டுப் போவம்.”

“போனா? செடி காஞ்சு நிக்கும். அப்பறம் குழி எடுத்தது யாருன்னுதான் கேப்பாங்க. பேசாம கயித்தப் புடி.”

குச்சிகள் பிடுங்கப்பட்டன. சில்வர் ஓக் நிழல் விழுகிற, இலை மக்கிக் கறுத்த மண் உள்ள பள்ளத்துக்குக் குடியேறின. கயிறு பிடித்து நேர் வரிசை. மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம். ஓர் அறிவியல் ஆய்வை இவ்வளவு அக்கறையாக யாரும் கெடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு குழி ஏழாம் மனையில் விழுந்தது. “ஊடு வர்ற வரைக்கும் சும்மாதான கெடக்குது” என்றார் மருதாயி.

“அடுப்படியிலயே காப்பி காய்க்கப் போவுது அண்ணிக்கு. உக்காந்த வாக்குல பறிச்சுக்கலாம்” என்றார் மூக்கன்.

அன்று ராத்திரி மழை பிடித்தது. காலையில் குழிகள் சரிந்துவிட்டனவா என்று பார்க்க மருதாயி மட்டும் வந்தார். தலையில் சாக்கைக் கூம்பாக மடித்துப் போட்ட கொங்காடை, தோளில் மம்முட்டி. ஏழாம் மனைக் குழியின் அடியில் ஏதோ நெளிந்தது. பாம்பு. மம்முட்டி மேலே போனது.

போனது இறங்கவில்லை.

சுண்டுவிரல் பருமன்தான். நீளமும் ஒரு சாணுக்குச் சற்று மேலே. முதலில் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. மேகம் விலகி ஒரு கீற்று வெயில் குழிக்குள் விழுந்ததும் கறுப்பு ஊதாவாயிற்று, ஊதா பச்சையாயிற்று, உடம்பு அசைந்ததும் மறுபடி கறுப்பு. விலாவில் மஞ்சள் புள்ளிகள், இப்போதுதான் தேய்த்து வைத்த பித்தளை மாதிரி. தலை கூராக இருந்தது. வால் கத்தியால் சாய்வாக வெட்டிவிட்டதுபோல் மொண்ணையாக, அதன் மேல் ஒரு வில்லை மண் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மொண்ணைக்குச் சற்று முன்னாலிருந்து, கண்ணாடித்தாள் போன்ற சவ்வுக்குள் சுருண்டபடி, ஒரு குட்டி வந்துகொண்டிருந்தது.

பாம்பு முட்டையிடும் என்றுதான் மருதாயி நினைத்திருந்தார். குட்டி சவ்வைக் கிழித்து வெளியே வந்தது. அதற்கும் அதே ஊதா, அதே மஞ்சள். சிறிது என்பதற்காக எதிலும் குறை வைக்கவில்லை. பிறந்த கையோடு தலையை மண்ணில் ஊன்றித் துளைக்கத் தொடங்கியது, தாமதமாக வேலைக்கு வந்தவர் மாதிரி. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. இத்தனை வருடம் தான் களை வெட்டி, உரம் போட்டு, வெற்றிலை துப்பி நடந்த மண்ணுக்கு அடியில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு துளி வெளிச்சம் புகாத இடத்தில், பார்க்க ஓர் ஆள் இல்லாத இருட்டில், இவ்வளவு நிறத்தையும் யாருக்காகப் பூசி வைத்திருக்கிறது?  தோள் கடுத்தபோதுதான் மருதாயிக்கு மம்முட்டி இன்னும் உயரத்திலேயே நிற்பது தெரிந்தது.

அதற்குள் மேல்சரிவின் தண்ணீர் குழிக்குள் இறங்கியிருந்தது. குட்டிகள் சேற்றில் மிதக்கத் தொடங்கின. மருதாயி மண்டியிட்டு இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். உயிருள்ள பாம்பை அதுவரை அவர் தொட்டதில்லை. தாய் கடிக்கவில்லை, விரலைச் சுற்றிக்கொண்டு, கூர்த்தலையை விரலிடுக்கில் செலுத்தி அங்கே மண்ணைத் தேடியது.

ஜெப்சன் வந்தபோது குழிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. மருதாயி மரத்தடியில் மடியில் கொங்காடையோடு உட்கார்ந்திருந்தார்; அதற்குள் ஈர மண், இலை, பாம்புக் குடும்பம். ஜெப்சன் எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். 

“அக்கா... இது கடிக்காது, பயப்படாதீங்க.”

“கடிக்கும்னு நெனச்சுத்தாஞ் சாமி எடுத்தேன்.”

“இத்தனை வருசமா தேடுறேன். செத்துக் கிடந்துதான் பாத்திருக்கேன். இந்த மலையில மட்டும்தான் இருக்கு. உலகத்துல வேற எங்கயும் கிடையாது.”

“சேலத்துல?”

“இல்லக்கா.”

“கொல்லிமலைல?”

“அங்கயும் இல்ல.”

அப்போதுதான் வந்து சேர்ந்த மூக்கன், “நம்ம லயன் ஆளுங்களாட்டந்தான். பஸ் ஏறுனதே இல்ல போல” என்றார். ஆனால் அவரும் குனிந்தவர் நிமிரவில்லை.

தாயையும் குட்டிகளையும் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் ஏறாத இலைமக்கில் விட்டார்கள். நூல் நூலாக மண்ணுக்குள் போய் மறைந்தன. அதன் பிறகுதான் ஜெப்சன் தன் குச்சிகளைப் பார்த்தார். பள்ளம் முழுக்க, நேர் வரிசையில். தலையில் கை வைத்துக்கொண்டார். குழி எதற்கென்று அப்போதுதான் சொன்னார்.

மூக்கனின் சிரிப்பு போய்விட்டது. “அப்ப இது இருந்தா... ஊடு?”

“அனுமதி கிடைக்கிறது கஷ்டம்” என்றார் ஜெப்சன்.

வரைபடத்தில் குறித்த புள்ளிகளில் மறுபடி குழி எடுத்தார்கள். பாறையிலும் புல்லிலும் ஒரு பாம்பும் இல்லை. கம்பெனிக்கு இது திருப்தி. இடைஞ்சல், அந்தக் கொங்காடைதான். பாம்பைக் குழியில் கண்டவர் மருதாயி ஒருவரே. ஜெப்சன் கண்டது சாக்கில். எங்கே கிடைத்தது என்பது மருதாயியின் வாய்ச்சொல்லில் நின்றது.

கம்பெனி மேலாளர் மரியதாஸ் லயனுக்கே வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர்.

“மருதாயிம்மா, ஓடைக்கு அந்தப் பக்கம் வனத்துறை நிலம். அங்க எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பாம்பு அங்கயும் இருக்கும், பொய்னு கூட சொல்ல முடியாது. எல்லாருக்கும் வீடு வந்துரும்.”

லயன் மொத்தமும் வாசலில் நின்று கேட்டது. அவர் போன பிறகு மூக்கன் ஆரம்பித்தார்.

“அது மண்ணுக்குள்ள இருக்கற சென்மம் அண்ணி. ஓடைக்கு அக்கட்டால போயி இருந்துக்கட்டும். நமக்கு மண்ணுக்குள்ள போறதுக்கு முந்தி ஒரு ஊடு வேணுமா இல்லீங்களா?”

“வேணும்.”

“அப்பச் சொல்லிப் போடுங்க.”

“நீ பாத்திருந்தா சொல்லுவியா?”

“நானா? அக்கட்டாலன்னும் சொல்லுவேன், ஆப்பிரிக்கான்னும் சொல்லுவேன்.”

“பாத்திருந்தா மாட்ட” என்றார் மருதாயி. “அது பெத்துக்கிட்டிருந்துது, மூக்கா. நான் மம்முட்டிய ஓங்கிட்டு நிக்கறேன், அது பாட்டுக்குப் பெத்துக்கிட்டிருக்குது.”

 மூக்கன் கோபத்தோடு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

கூட்டம் பஞ்சாயத்து மண்டபத்தில் நடந்தது. விசாரித்த அதிகாரி பெண்மணி, பொறுமையானவர். முன் வரிசையில் மரியதாஸ், பின்னால் லயன் குடும்பங்கள்.

“பாம்பு எங்கம்மா கிடைச்சது? ஓடைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”

மருதாயி முந்தானையை இழுத்துச் செருகினார். “இந்தப் பக்கமுங்க.”

“இந்தப் பக்கம்னா, எந்த இடம்?”

“ஏழாம் நம்பருங்க. எனக்கு ஊடு வர்றதா இருந்த எடம்.”

 அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்களுக்கு அந்த வீடு வேண்டாமா?”

“வேணுமுங்க. நொம்ப வேணுமுங்க.”

“அப்புறம்?”

“எங்கன்னு கேட்டீங்க. சொன்னனுங்க.”

குறிப்பெடுத்தவர் தர்க்கம் தெரிந்தவர். சொந்த நலன் உள்ளவர் இப்படிப் பேச மாட்டார். ஆகவே சொந்த நலன் இல்லாதவர். பாம்புக்காகப் பேசுகிறவர் ஆர்வலர்தான். குறிப்பு அப்படித்தான் உருவானது.

திட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சாலைப் பலகைகளில் இப்போது வேறு விளம்பரம். லயனில் சிலர் மருதாயியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். மூக்கனும் பொங்கல் வரை பேசவில்லை. ஓய்வு வயது வந்து வேலை முடிந்ததும் மருதாயி மஞ்சக்குட்டை ஊரில் தகரக் கூரை போட்ட ஓர் அறைக்கு வாடகைக்குப் போனார். இப்போது யாராவது படித்தவர்கள் தேடிவந்து, இயற்கையைக் காப்பாற்றியதாகச் சொன்னால், தேநீர் கொடுத்து உட்காரவைத்து, “அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க” என்கிறார்.

தண்ணீர் ஏறிய குழியிலிருந்து ஒரு பாம்பையும் அதன் குட்டிகளையும் கையால் அள்ளி எடுத்தார்; எங்கே எடுத்தாய் என்று கேட்டபோது, எடுத்த இடத்தைச் சொன்னார்.