பெருநகருக்குப் போன கை

வெயில் மண்டையைப் பிளக்கும் உத்திரமேரூரில் உட்கார்ந்து நாங்கள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தோம். கேட்டால் சிரிப்பீர்கள். ஊனமுற்ற பெண்களுக்கான எங்கள் விடுதிக்கு எங்கேயோ ஒரு குளிர் தேசத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய ஸ்வெட்டர் வரும். அதைப் போட்டுக்கொண்டால் வெந்து சாக வேண்டியதுதான். அதனால் பிரித்து நூலாக்கி, புதிதாகப் பின்னி, ஊட்டிக் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்புவோம். எனக்குப் பிறவியிலேயே இடக்கை முழங்கையோடு சரி. ஒரு ஊசியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மற்றதை வலக்கையால் ஓட்டுவேன். இரண்டு கை உள்ளவர்களைவிட வேகமாகப் பின்னுவேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

எங்கள் வார்டன் அம்மா தங்கமான மனுஷி. ஆனால் போட்டோ எடுக்க ஆள் வந்துவிட்டால் போதும், பரபரப்பாகிவிடுவார். போலியோ காலோடு கட்டை ஊன்றி நடக்கும் என் தோழியை உட்காரவைத்து, கால்மேல் போர்வையைப் போடுவார். குள்ளமான இன்னொரு தோழியைப் பின்வரிசையில் முக்காலிமேல் ஏற்றுவார். எனக்கு முழுக்கை ஸ்வெட்டர். அதில் அவரே இலவம்பஞ்சு அடைத்துத் தைத்த கம்பளிக் கை, விரல்கள் உட்பட. அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள், இவர்களுக்கு எதற்கு விடுதி என்றுதான் கேட்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆண்டு விழா. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு வார்டன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பக்கத்து ஊரு பெருநகர்லேர்ந்து உன்னப் பொண்ணு பாக்க வராங்க. இங்க பின்னல் டீச்சருன்னு சொல்லிவச்சிருக்கேன். விழா நாடகத்துல நிப்பல்ல, பாத்துட்டுப் போவட்டும். பஞ்சுக் கைய மட்டும் கயட்டிடாத."

"அவங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தாலி ஏறட்டும். அப்பால பயகிக்குவாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாண ஆசை இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் பஞ்சுக் கையைக் காட்டி ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டு, அது கழன்று விழுகிற நாளில் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

தோழிகளிடம் சொன்னேன். கட்டை ஊன்றுகிறவள் ஊசியைக் கீழே வைத்தாள். "கை தானடி கேக்கறாங்க? குடுத்துட்டாப் போவுது. எத்தினி வோணுமாம்?"

நாடக உடுப்பு என்று சொல்லி, மீந்த நூலையெல்லாம் வாங்கிக்கொண்டோம். வார்டன் அம்மாவுக்கு எங்கள் சுறுசுறுப்பைப் பார்த்து ஒரே பெருமை.

எங்கள் பக்கத்துக் கூத்தில் வேஷம் நுழையும்போது இரண்டு பேர் குறுக்கே திரை பிடிப்பார்கள். ஜனங்களுக்கு முதலில் கால்தான் தெரியும். நாங்களும் விழாவன்று சாயங்காலம் அப்படித்தான் தொடங்கினோம். திரைக்கு அடியில் மூன்று கால் தெரிந்தது. மூன்றிலும் சிவப்புக் கம்பளிக் காலுறை, மூன்றிலும் சலங்கை. கட்டையில் கட்டிய சலங்கைதான் பலமாகக் குலுங்கியது. திரை விலகியதும் ராஜா வேஷத்தில் என் தோழி மீசையை முறுக்கினாள்.

அடுத்து, கோமாளி வேலையும் பார்க்கிற கட்டியக்காரனாகக் குள்ளத் தோழி வந்தாள். அவள் போட்டிருந்த பச்சைக் கம்பளி அங்கி மேடையின் அந்தக் கோடிவரை நீண்டு கிடந்தது. "போட்டாவுக்கு ஒசரம் பத்தலன்னாங்கோ. மிச்ச ஒசரத்த இஸ்துகினு வந்துட்டேன்!" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் வார்டன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் பட்டுப்புடவையில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கொறையே இல்லாத பொண்ணு வோணும்!" என்று ராஜா முழங்கினார்.

"கொறையா? மிச்சமே கீது ராஜா!" என்று கட்டியக்காரன் என்னை இழுத்துவந்தான். என் தோளிலும் முதுகிலும் இடுப்பிலும் கலர் கலராகக் கம்பளிக் கைகள் தொங்கின.

"இதுல நெஜக் கை எது, பொய்க் கை எது?" என்று ராஜா கேட்டார்.

நான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூட்டத்தில் வீசினேன். பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் பொறுக்கினார்கள். கடைசியில் வார்டன் அம்மா தைத்த பஞ்சுக் கைதான் மிச்சம். அதையும் உருவி, மேடையிலிருந்து இறங்கிப் போய், மாப்பிள்ளையின் அம்மா மடியில் வைத்தேன். பிறகு என் முழங்கையைத் தூக்கிக் காட்டினேன்.

"இதான் என்னுது. அது உங்களுக்குக் காட்டறதுக்காவ தச்சது."

இந்த வசனம் ஒத்திகையில் இல்லை. யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் கைதட்டினார்கள். நானும் என் தொடையில் தட்டிக்கொண்டேன்.

அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். அவருக்காகக் கிண்டிய கேசரியைத் தொடக்கூட இல்லை. அதை நாங்கள் மூவரும் தின்றோம். நான் தின்றுகொண்டே அழுதேன், அதை எதற்கு மறைக்க வேண்டும்? வார்டன் அம்மா பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த தடவை போட்டோக்காரர் வந்தபோது பஞ்சுக் கையை விடுதியெல்லாம் தேடினார். கிடைக்கவில்லை.

மறுவருஷம் பெருநகரிலிருந்து புதிதாக ஒருத்தி விடுதியில் சேர்ந்தாள். என் பின்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க பக்கத்து வூட்டு அம்மா இந்த மாதிரி ஒரு கம்பளிக் கை வச்சிக்கினு கீறாங்கக்கா. பஞ்ச எடுத்துட்டு, உள்ள கைய வுட்டுத்தான் சோத்துப் பான எறக்குவாங்க. சுடவே சுடாதாம்."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்கள் கேட்டு வந்த கை அவர்கள் வீட்டு அடுப்படிக்கே போய்ச் சேர்ந்து, வேலையும் செய்துகொண்டிருந்தது. கூடப் போயிருக்க வேண்டிய நான் மட்டும் போகவில்லை.