ராணி வேடத்துக்கு எடுத்த அளவு

எங்கள் கல்லூரி நாடகத்தில் ராணியாகப் பாட, திருவெறும்பூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். அகலமான தோள்கள், வாய்விட்டுச் சிரிப்பார். அவருக்கு இடுப்பை இறுக்கும் கார்செட் தைக்க, பழைய புத்தகத்தில் உள்ளங்கையளவு இருந்த பேட்டர்னை, அதாவது துணி வெட்டும் வரைபடத்தை, தோழிகள் சேர்ந்து கட்டம் போட்டுப் பெரிதாக்கினோம். கணக்கு என்னுடையது; எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், ஒரு கோடும் பிசகவில்லை. ஆனாலும் அது அவர் இடுப்பைச் சுற்றி வரவில்லை.

"வயித்த உள்ள இழுங்கக்கா. ராணிக்கு இடுப்பே இருக்கக் கூடாதாம்," என்றேன்.

"ராணி பாடணுமா, வேணாமா?" என்றவர், நெஞ்சு விரிய மூச்சை நிரப்பிக்கொண்டு, என் கையிலிருந்த அளவு டேப்பைக் கண்ணால் காட்டினார். என் விரல்களிடையே டேப் நழுவி நீண்டுகொண்டே போனது. அந்த மூச்சின் அளவுக்கே மறுபடி வரைந்து தைத்தோம்.

மேடையில் அவர் பாடியபோது, திரைக்குப் பின்னால் நின்று அந்த முதுகு விரிந்து அடங்குவதையே பார்த்தேன். என்ன பாடினார் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.