திக்குவாயும் மோனையும்

ஐம்பதுகளில் திருவள்ளூரில் ஆசிரியைப் பயிற்சி படித்தேன். எனக்குத் திக்குவாய். படிப்பு முடிகிற நேரத்தில், மேற்பார்வைக்கு வரும் அம்மா முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். அதில் தவறினால் சான்றிதழ் கிடையாது, மூட்டையைக் கட்டவேண்டியதுதான். எனக்கு வாய்த்தது நாலாம் வகுப்புப் பாட்டு:

காற்றே காற்றே கதவைத் திற
கார்முகில் கூட்டிக் கழனிக்கு வா
நாற்றே நாற்றே நனைந்து நில்
நாளைக்கு நீதான் நெல்லாகி வா

'கா' என்றாலே என் தொண்டை பூட்டிக்கொள்ளும். உட்கார்ந்து அழுதேன். என்னோடு தங்கியிருந்த ஆர்.கே.பேட்டைக்காரி சும்மா விடவில்லை. "அழுதுகினே இருந்தா ஆயிடுமா? மொதல்ல பாட்டப் பிரிச்சிப் பாருடி" என்றாள்.

பிரித்தேன். காற்றே, நாற்றே என்று எதுகை. காற்று, கதவு, கார்முகில், கழனி என்று மோனை. வரிக்கு நான்கு சீர். இதெல்லாம் பரீட்சைக்கு எழுதுகிற சங்கதிதான். ஆனால் சீருக்குச் சீர் விரலைத் தட்டிக்கொண்டு வாய்விட்டுச் சொன்னபோது திகைத்துப்போனேன். இந்தப் பாட்டு முதல் சொல்லையே இரண்டு தடவை சொல்லச் சொல்கிறது! ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றுதானே ஊர் என்னைக் கேலி செய்தது? பாட்டு அதைத்தான் கேட்டு வாங்குகிறது. முதல் 'காற்றே' தடுமாறினாலும் இரண்டாவது வந்து கைகொடுக்கிறது. எழுதியவர் யாரோ, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வகுப்பில் பாட்டை ஒரு பிசிறில்லாமல் சொல்லிவிட்டேன். என்னாலேயே நம்பமுடியவில்லை. ஆனால் பாட்டு முடிந்தால் பேசியாக வேண்டுமே. "இதில் மோ... மோ... மோனை" என்று மாட்டிக்கொண்டேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மேற்பார்வை அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

பிள்ளைகளோ அதையும் பாட்டின் அடுத்த வரி என்று நினைத்துவிட்டார்கள். வகுப்பே கையைத் தட்டிக்கொண்டு, "மோ மோ மோனை!" என்றது. ஒரு முகத்திலும் கேலி இல்லை.

"நல்லா கீது டீச்சர், இன்னொருவாட்டி சொல்லு!" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

என் வாயில் தாளம் இருக்கிறதென்று அதுவரை யாரும் நம்பியதில்லை. மூச்சை இழுத்துக்கொண்டேன். அடுத்த சொல்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக, வேண்டுமென்றே திக்கினேன்.

"எ... எ... எதுகை."