புயலுக்குக் கழற்றிய போர்டு

என் கடை வாசலில் தொங்கும் தகர போர்டின் வலது மூலை உள்பக்கமாக மடங்கியிருக்கும். வருகிறவர்கள் எல்லாம், "ரெண்டு தட்டு தட்டுனா நேராயிடுமேக்கா" என்கிறார்கள். அது எனக்குத் தெரியாதா? தட்டமாட்டேன். அது வீட்டுக்கார மாமாவின் கை பிடித்த இடம். மாமா என்றால் சொந்தம் ஒன்றும் கிடையாது. சிதம்பரத்தில் நான் துணிப்பை தைக்கிற இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். இருந்தது கடலூரில், மகன் வீட்டில்.

பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு, நகையெல்லாம் பாங்கில் வைத்து மிஷின் வாங்கிப் போட்டிருந்த நேரம். கடலூர் ஜவுளிக்கடை ஒன்று பை கேட்டது. குதித்துக்கொண்டு போனேன். ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல் உங்கள் பில்லைத் தொடமாட்டோம், மாதக் கடைசிக்குள் நம்பரோடு வாருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டரை நம்பித்தான் மிஷினே வாங்கியிருந்தேன். கைநழுவினால் மிஷினும் போகும், நகையும் போகும், விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது. அன்றைக்குப் பிடித்த பயம் வாரக்கணக்கில் இறங்கவேயில்லை.

நம்பருக்கு மனுப்போட, இடத்துக்காரர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றது ஆடிட்டர் ஆபீஸ். நானாவது வெளியே காட்டாமல் பயந்தேன். மாமா வெளிப்படையாகவே பயந்தார். இதே இடத்தில் அவர் ஒரு காலத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். ஒருநாள் சேல்ஸ் டாக்ஸ்காரர்கள் திடுதிப்பென்று வந்து கல்லாவிலிருந்து அவரை எழுப்பி, கடைக்கு நடுவே நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்களாம். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் தெருவே பார்த்ததே! அதற்குப் பிறகு கல்லாவில் உட்கார்ந்தாலே வேர்த்து, கொஞ்ச நாளில் கடையையே மூடிவிட்டார். கையெழுத்துப் போட்டு, பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "போட்டுட்டேம்மா. ஆனா அவுங்க வந்தா என்னைக் கூப்புடாத. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்." சத்தியமாகக் கூப்பிடமாட்டேன் என்றேன்.

மனுப் போனது. வரி ஆபீசர் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார், எப்போது என்று சொல்லமாட்டார், கடை திறந்திருக்கவேண்டும், வாசலில் பெயர்ப்பலகை தொங்கவேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி என்று ஆடிட்டர் ஆபீசில் பயமுறுத்தி அனுப்பினார்கள். அன்றிலிருந்து நான் கடையை விட்டு நகரவில்லை. சாப்பாடு அங்கேயே. பேண்ட் சட்டை மடிப்புக் கலையாமல் யார் தெருவில் வந்தாலும் எழுந்து நின்றுவிடுவேன். ஒருநாள் இன்ஷூரன்ஸ் பிடிக்க வந்த பாவப்பட்ட மனிதரை நாற்காலி துடைத்துப் போட்டு உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் புயல் வந்து தொலைக்கவேண்டுமா? கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கூண்டு ஏறிவிட்டால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கை தானாகப் போர்டு பக்கம்தான் போகும். முந்திய புயல்களில் தகரம் பறந்ததை எல்லோரும் பார்த்தவர்கள். மாடித் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கக் காலையிலேயே மாமா பஸ் ஏறி வந்துவிட்டார். "காத்து ஜாஸ்தியாவுது. தகரம் பறந்தா ஆள் கழுத்துக்கு வரும்மா" என்று அவரே ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றி உள்ளே வைத்தார். நானும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேனே! புயல் பயத்தில் ஆபீசர் பயம் மறந்தே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சீக்கிரம் விடுகிறார்கள் என்று போன் வந்ததும், மாமாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு மகளைக் கூட்டிவரப் போனேன்.

திரும்பும்போது பாதி வழியில்தான் உறைத்தது. போர்டு இல்லை. இந்த மழையில் எந்த ஆபீசர் வரப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினேன். தெரு திரும்பியதும், என் கடை வாசலில் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் கையில் பைலோடு நிற்பது தெரிந்தது.

பக்கத்தில் ஸ்டூல்மேல் மாமா. போர்டை அது தொங்கும் இடத்திலேயே இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார். காற்று அதைப் பிய்த்துப்போகப் பார்த்தது. வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. காற்றையும் மீறிக் குரல் எனக்குக் கேட்டது. "கழட்டுனது நான்தான் சார், புயலுக்குன்னு. தப்பு எம்மேல. அந்தப் பொண்ணுக்கு நம்பரை நிறுத்திடாதீங்க."

"நீங்க யாரு?" என்றார் ஆபீசர்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதானே கடையையே மூடினார்!

"இடத்துக்கு ஓனர் சார். லெட்டர்ல கையெழுத்துப் போட்டது நான்தான். என்னா வேணுமோ என்னைக் கேளுங்க."

ஆபீசர் தள்ளி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே வந்து மிஷின்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகும் மாமா இறங்கவில்லை. "போயிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். நானும் மகளும்தான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். மூலை மடங்கியிருந்தது.

நம்பர் மாதக் கடைசிக்குள் வந்துவிட்டது. மாமாவின் பயம் மட்டும் தீரவில்லை. அதற்குப் பிறகு கூண்டு ஏறும்போதெல்லாம் கடலூரிலிருந்து போன் வரும்: "போர்டைக் கழட்டிட்டியாம்மா? ஷட்டர்ல சாக்பீஸால எழுதிட்டியா?" புயலுக்காகப் போர்டு உள்ளே இருக்கிறது, கடை இங்கேதான் இருக்கிறது என்று எழுதவேண்டுமாம். "இனிமே யாரு மாமா வரப்போறாங்க?" என்று கிண்டல் செய்வேன். எழுதியது கிடையாது.

இந்த வருஷம் மாமா இல்லை. புதிய சம்மதக் கடிதம் வாங்கப் போனபோது அவர் மகன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அப்பா இதுக்கெல்லாம் ரொம்பப் பயப்புடுவாருக்கா" என்று சிரித்தார். "ஆமாப்பா, ரொம்பப் பயந்தாரு" என்றேன்.

நேற்றுக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். போர்டைக் கழற்றி உள்ளே வைத்தேன். போனைப் பார்த்தேன். பிறகு மகளின் சாக்பீஸை எடுத்து, போர்டு உள்ளே இருக்கிறது, கடை இங்கேதான் இருக்கிறது என்று ஷட்டரில் எழுதினேன். மழை அழித்துவிட்டது. மறுபடியும் எழுதினேன்.