சுடாத தீ

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்களுக்கு மருந்து மட்டும் போதாது, மனதிலும் நம்பிக்கை வேண்டும் என்று செங்கலடியில் நாங்கள் போகும் கிளினிக்கின் இளம் டொக்டர் பெண் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் நடந்த ஒரு நல்ல காரியத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கை தட்ட வேண்டும். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டு நல்லதைச் சொல் என்றால் எதைச் சொல்வது? ஆனால் என் வீட்டுக்காரர் அதில் சொக்கிப்போனார். வருத்தம் வந்த நாளிலிருந்து முகம் தொங்கிக் கிடந்த மனுஷன், வட்டை வயலில் நெல்லைப் பார்க்கப் போகிற வழியெல்லாம் சொல்வதற்கு நல்லது தேடத் தொடங்கினார்.

அம்மன் கோயிலில் நேர்த்திக்கடனுக்கு அவர் தீ மிதித்த வாரம் அவருடைய முறை வந்தது.

"இந்த முறை எனக்குத் தீ சுடவே இல்ல. பூவில நடந்த மாதிரி. அம்மா என்னை ஏத்துக்கிட்டா."

எல்லோரும் கை தட்டினோம். பக்கத்திலிருந்தவர் அவரைக் கும்பிடவே செய்தார். டொக்டர் மட்டும் தட்டவில்லை. எழும்பி வந்து, அவர் முன்னால் நிலத்தில் குந்தி, கண்ணை மூடச் சொன்னார். பிறகு பெருவிரலால் அவருடைய பாதத்தை அழுத்தினார்.

"ஐயா, எங்க தொடுறன் எண்டு சொல்லுங்க."

"நீங்க இன்னும் தொடல்லயே, மகள்."

அந்தப் பெருவிரல் இன்னும் அவர் காலில்தான் இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், மஞ்சள் பூசிய உள்ளங்காலில் தோல் உரிந்து, நடுவில் கறுத்துப்போன புண். அதோடு சேற்றிலும் இறங்கியிருக்கிறார். சீனி கூடிக் கால் மரத்துப்போயிருக்கிறது, காலைக் காப்பாற்றலாமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டொக்டர். ஒரே பாயில் படுக்கிறேன், எனக்கே தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவருக்கே வலிக்கவில்லையே.

"அப்ப அது அம்மா இல்லையா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

நல்லது சொல்லும் வழக்கத்தை டொக்டர் விடவில்லை. ஆனால் அதற்கு முதல் எல்லோரும் உள்ளங்காலைக் காட்ட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் வருவார், காட்டுவார், தன் முறை வந்தால் அடுத்தவரைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார். புண்ணோ ஆறுகிற மாதிரி இல்லை. காலை எடுத்துவிடுவார்களோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

ஒருநாள் முறை வந்ததும் அவர் தலையாட்டவில்லை.

"இண்டைக்கு மருந்து கட்டக்குள்ள புண் ஓரத்தில நொந்திச்சு."

இந்த முறை முதலில் கை தட்டியது டொக்டர்தான்.